பழைய இத்தாலிய டூரிங் பைக் வாங்கப் போகிறீர்களா? வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் பழைய டூரிங் வண்டிகளைப் பற்றி இரண்டு பத்தி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இத்தாலி வண்டிகளைப் பற்றியே இருந்ததால் இந்த முறை முழுப் பக்கத்தையும் அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டிருந்தார்கள், அதனால் எல்லோருக்கும் ஊர் மட்டும்.

கேள்வி: வணக்கம் அண்ணா. டுகாட்டி எஸ்டி4எஸ் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. 2003 மாடல், 9,000 மைல்தான் ஓடியிருக்கிறது, பெயின்ட் புதுசு போலவே இருக்கிறது. கிட்டத்தட்ட அதே விலைக்கு 41,000 மைல் ஓடிய எஸ்டி2 ஒன்றும் பார்த்தேன். அந்த ஆள் ஒரு ஃபைல் நிறைய பில் வைத்திருக்கிறார். நண்பர்கள் எல்லாரும் முதல் வண்டியை எடு என்கிறார்கள். என்ன செய்வது? (ஈஸ்ட் ஹாம், லண்டன்)

பதில்: ஃபைல் வைத்திருப்பவரின் வண்டியை எடுங்கள் தம்பி. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது உங்கள் ஒருவருக்கான பதில் மட்டும் இல்லை.

இந்த எஸ்டி வரிசை 1997இல் எஸ்டி2வோடு தொடங்கியது. 944 சிசி, சிலிண்டருக்கு இரண்டு வால்வ், சுமார் 83 குதிரைத்திறன். அப்புறம் 916 ரேஸ் வண்டியின் எஞ்சினை வைத்து எஸ்டி4, அதற்கும் மேலே 2001இல் 996 சிசியும் 117 குதிரைத்திறனும் பின்னால் ஓலின்ஸ் ஷாக்கும் வைத்து எஸ்டி4எஸ். ஓட்டிப் பார்த்தால் எஸ்டி4எஸ் மனதைப் பறிக்கும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் பொதுவான விஷயம் ஒன்று இருக்கிறது: வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங் செயின் கிடையாது, அந்த வேலைக்கு ரப்பர் பெல்ட். 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, அல்லது 2 வருடத்துக்கு ஒருமுறை, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும். "ஓடவே இல்லையே, எதற்கு மாற்ற வேண்டும்?" என்று விற்பவர் கேட்பார். ஓடாமல் நின்ற வண்டியில்தான் பெல்ட் ஒரே இடத்தில் மடிந்தபடி கிடந்து இறுகும். அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், அதற்குப் பிறகு வரும் செலவு வண்டியின் விலையைத் தாண்டிவிடும்.

அடுத்தது டெஸ்மோ. மற்ற எஞ்சின்களில் வால்வைத் திறப்பது கேம், மூடுவது ஸ்பிரிங். டெஸ்மோ என்ற டுகாட்டி முறையில் மூடுவதற்கும் தனியாக ஒரு ராக்கர், அதாவது நெம்புகோல் கை, உண்டு. அதனால் ஒவ்வொரு வால்வுக்கும் திறக்கும் இடைவெளி, மூடும் இடைவெளி என்று இரண்டு அளவு பார்த்து ஷிம் என்ற மெல்லிய உலோகத் துண்டு வைக்க வேண்டும். எஸ்டி2வில் மொத்தம் 4 வால்வ், ஆகவே 8 அளவுகள். எஸ்டி4எஸ்ஸில் 8 வால்வ், 16 அளவுகள். இதை 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதை வைத்து மெக்கானிக் கூலி எவ்வளவு வித்தியாசப்படும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். இதற்கு மேல் அந்தக் காலத்து நான்கு வால்வ் எஞ்சின்களில் ராக்கர் கைகளின் மேல் போட்ட குரோம் பூச்சு உரியும் பழக்கம் இருந்தது. எல்லா வண்டியிலும் நடக்காது, ஆனால் கடைசியாக வால்வ் பார்த்தபோது ராக்கர்களையும் பார்த்தார்களா, மாற்றினார்களா என்பது பில்லில் இருக்க வேண்டும்.

9,000 மைல் வண்டியில் இந்தப் பில்கள் இருக்கின்றனவா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, விற்பவரும் சொல்லியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். பிரிட்டனில் உங்களுக்கு ஒரு பெரிய வசதி, எம்ஓடி என்ற வருடாந்திரத் தகுதிச் சோதனையின் வரலாற்றை அரசு தளத்தில் வண்டி நம்பர் போட்டு இலவசமாகப் பார்க்கலாம். வருடா வருடம் எத்தனை மைல் ஓடியது, எந்த வருடங்களில் சோதனைக்கே போகாமல் கொட்டகையில் கிடந்தது, போன முறை என்ன குறை எழுதினார்கள் எல்லாம் வரும். அதில் நாலைந்து வருட இடைவெளி இருந்தால், அந்த வண்டிக்கு பெல்ட், டயர், பிரேக் ஹோஸ், கிளட்ச் ஆயில், ஃபோர்க் சீல், பேட்டரி அத்தனையும் உங்கள் செலவு என்று வைத்து விலை பேசுங்கள். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் ஒன்று இருக்கும். 2318 என்றால் 2018இன் 23ஆவது வாரம். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போல, நான் முதலில் குனிந்து பார்ப்பது அதைத்தான். பெயின்ட் அதற்கு அப்புறம்.

41,000 மைல் என்பது பயப்பட வேண்டிய எண்ணே இல்லை. பெல்ட்டும் வால்வும் நேரத்துக்குப் பார்த்த எஸ்டி2 அதைவிட எவ்வளவோ தூரம் போகும். ஓட்டிப் பார்க்கும்போது கிளட்ச் பக்கம் கலகலவென்று சத்தம் கேட்டால் திகைக்க வேண்டாம், அது ட்ரை கிளட்ச், அதாவது ஆயிலில் நனையாத கிளட்ச், பிடித்திருக்கும்போது அப்படித்தான் பேசும். கிளட்ச் பிடித்து விடும்போது இழுத்து இழுத்து உதறினால் மட்டும் பிளேட்டும் பாஸ்கெட்டும் தேய்ந்துவிட்டன என்று பொருள். ஒரு வேளை இந்த எஸ்டி2 கைநழுவிப் போனால் 2004 முதல் வந்த எஸ்டி3யையும் தேடுங்கள். 992 சிசி, சிலிண்டருக்கு மூன்று வால்வ், இந்த வரிசையிலேயே தினப்படி ஓட்டத்துக்கு நிதானமான எஞ்சின் அதுதான் என்பது என் கருத்து. விளம்பரத் தளங்களைவிட டுகாட்டி ஓனர்ஸ் கிளப் ஆட்களிடம் கேட்டு வையுங்கள். வயதாகிவிட்டது, இனி இவ்வளவு கனமான வண்டி முடியாது என்று ஒருவர் மனமில்லாமல் விற்கிற வண்டி அங்கேதான் முதலில் காதில் விழும்.

கேள்வி: பலெர்மோவில் பல வருடமாக இருக்கிறோம். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இப்போது நானும் மனைவியும் இரண்டு பேராக வடக்கே ஏரிகள் பக்கம் வரை போய் வர ஆசை. மோட்டோ குட்ஸி நோர்ஜே பிடித்திருக்கிறது. பழைய 2006, 2007 வண்டிகளும் இருக்கின்றன, 2011க்குப் பிறகு வந்த 8 வால்வ் வண்டிகளும் இருக்கின்றன. புதியதுதானே நல்லது? (பலெர்மோ, சிசிலி)

பதில்: இந்த ஒரு வண்டி விஷயத்தில் புதியது என்பதாலேயே நல்லது என்று சொல்ல முடியாது ஐயா.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், உங்கள் தேர்வு எனக்கு மிகவும் பிடித்தது. 1928இல், கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான கார்லோ குட்ஸியின் உடன்பிறந்த ஜூசெப்பே, பின்சக்கரத்துக்கும் ஸ்பிரிங் வைத்த 500 சிசி வண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு கோமோ ஏரிக்கரையில் இருக்கும் மான்டெல்லோ டெல் லாரியோவிலிருந்து ஆர்க்டிக் வட்டம் வரை ஓட்டிப் போனார். பின்சக்கர சஸ்பென்ஷன் வைத்தால் வண்டி நிலையாக ஓடாது என்று பலரும் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் பயணத்தின் நினைவாகத்தான் நோர்ஜே, அதாவது நார்வே, என்ற பெயர். 2006இல் அதே பெயரை ஒரு டூரிங் வண்டிக்கு வைத்தார்கள். 1,151 சிசி, குறுக்காக வைத்த 90 டிகிரி வி-ட்வின், 23 லிட்டர் டேங்க், செயினுக்குப் பதிலாக ஷாஃப்ட், காற்றுத்தடுப்பு முழுசாக. இரண்டு பேர் பெட்டிகளோடு போக இதைவிட இதமான இத்தாலி வண்டி இந்த விலையில் கிடையாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 8 வால்வ் எஞ்சினில் ஆரம்பத்தில் தட்டை டாப்பெட் (கேமின் அசைவை வால்வுப் பக்கம் கடத்தும் பாகம்) வைத்தார்கள், அதன் மேல் கறுப்பான கடினப் பூச்சு ஒன்று. அந்தப் பூச்சு உரிந்து, டாப்பெட்டும் கேமும் ஒன்றையொன்று தின்று, அந்தத் தூள் ஆயிலில் கலந்து எஞ்சின் முழுக்கச் சுற்றும். நோர்ஜே மட்டும் இல்லை, அதே எஞ்சின் வைத்த குட்ஸியின் கிரிசோ, ஸ்டெல்வியோ மாடல்களிலும் இதே கதை. 2012 வாக்கில் ரோலர் டாப்பெட்டுக்கு மாறினார்கள், அத்தோடு அந்தப் பிரச்சினை தீர்ந்தது. பழைய எஞ்சினுக்கு மாற்றுக் கிட் உண்டு, ஏ, பி, சி என்று வகை பிரித்திருப்பார்கள், எது பொருந்தும் என்பது எஞ்சின் நம்பரைப் பொறுத்தது. ஆகவே 8 வால்வ் வண்டி பார்க்கப் போனால் மற்ற எதையும் கேட்பதற்கு முன் இதை மட்டும் கேளுங்கள்: ரோலர் ஆகிவிட்டதா, எந்தப் பட்டறையில், பில் எங்கே? "சத்தம் ஒன்றும் இல்லை, நல்லாத்தான் ஓடுது" என்ற பதில் செல்லாது, சத்தம் வெளியே கேட்கும் நேரத்துக்குக் காரியம் பெரும்பாலும் கெட்டிருக்கும். பில் இருந்தால் தாராளமாக எடுங்கள், அந்த எஞ்சின் அருமையானது. பில் இல்லை, விலையும் இறங்கவில்லை என்றால் வந்துவிடுங்கள்.

2006 தொடங்கி வந்த, சிலிண்டருக்கு 2 வால்வ் உள்ள வண்டிக்கு இந்தப் பயமே கிடையாது. சிலிண்டர் தலைகள் இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், கவரைக் கழற்றி ஒரு ஸ்பேனர், இடைவெளி அளக்கும் ஒரு ஃபீலர் கேஜ் வைத்து வீட்டு வாசலிலேயே டாப்பெட் அட்ஜஸ்ட் செய்துவிடலாம். பொறுமை உள்ள யாரும் கற்றுக்கொள்ளலாம். அதிலும் பார்க்க வேண்டியவை இரண்டு இருக்கின்றன. பின் சஸ்பென்ஷன் லிங்க்கேஜ், ஸ்விங் ஆர்ம் பேரிங்குகளில் கம்பெனியிலேயே கிரீஸ் போதுமான அளவு வைக்காமல் அனுப்பிய வண்டிகள் நிறைய. யாராவது கழற்றி கிரீஸ் வைத்தார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் வாங்கிய உடனே முதல் வேலை அதுவாகட்டும். இரண்டாவது, ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் 'க்ளிக்' என்று மட்டும் கேட்டு நின்றுவிடுவது. ஸ்டார்ட்டர் சோலனாய்டுக்குப் போகும் மின்சாரம் இக்னிஷன் சுவிட்ச் வழியாக மெல்லிய வயரில் நெடுந்தூரம் சுற்றி வருவதால் வரும் தளர்ச்சி அது. பேட்டரியிலிருந்து நேராக ஃபியூஸோடு ஒரு தடித்த வயர், நடுவில் ஒரு ரிலே, அவ்வளவுதான், ஒரு மதியப் பொழுது வேலை. இது தெரியாமல் எத்தனையோ பேர் புதுப் பேட்டரியும் புது ஸ்டார்ட்டர் மோட்டாரும் வாங்கிப் போட்டிருக்கிறார்கள்.

காகித விஷயம் உங்களுக்கே தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். பணம் கொடுப்பதற்கு முன் ஏசிஐ என்ற இத்தாலிய மோட்டார் வாகனச் சங்கம் வழியாக 'விசூரா' என்ற பதிவு விவரச் சான்று ஒன்று எடுங்கள். வண்டி யார் பெயரில் இருக்கிறது, கட்டாத வரிக்காகவோ அபராதத்துக்காகவோ அதன்மேல் 'ஃபெர்மோ அம்மினிஸ்த்ராதீவோ' விழுந்திருக்கிறதா என்பதெல்லாம் அதில் வரும். அது விழுந்த வண்டியை நீங்கள் ரோட்டில் எடுக்கவே முடியாது. வடக்கே போகும்போது மான்டெல்லோவில் தொழிற்சாலையோடு சேர்ந்த அருங்காட்சியகத்தையும் பாருங்கள். 1950இல் ரேஸ் வண்டிகளுக்காக அவர்களே கட்டிய காற்றுச் சுரங்கம் அந்த வளாகத்தில்தான் இருக்கிறது.

கேள்வி: இத்தாலி வண்டி என்றாலே வயரிங் தகராறு என்கிறார்களே, உண்மையா? எனக்கு அப்ரிலியா ஃபியூச்சுராமேல் ஒரு கண். (ஸ்டுட்கார்ட்)

பதில்: பாதி உண்மை. ஒட்டுமொத்தமாக வயரிங் மோசம் என்பதைவிட, ஒவ்வொரு மாடலிலும் ஒன்றிரண்டு குறிப்பிட்ட இடங்கள் மோசம் என்பதே சரி. அந்த இடங்கள் இத்தனை வருடத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டன. அதனால் கோளாறே இல்லாத வண்டியைத் தேடாதீர்கள், அந்த மாடலுக்கென்று இருக்கும் கோளாறை முன்பு வைத்திருந்தவர் ஏற்கெனவே சரிசெய்துவிட்ட வண்டியைத் தேடுங்கள். லண்டன் தம்பிக்கும் பலெர்மோ ஐயாவுக்கும் நான் சொன்னதும் இதேதான்.

ஃபியூச்சுராவில் அந்த இடம் ஆல்டர்நேட்டரிலிருந்து ரெகுலேட்டர் பக்கம் போகும் வயர்களின் பழுப்பு நிறக் கனெக்டர். சூடேறி, கருகி, சார்ஜிங் நின்றுவிடும். டேங்க்கைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். கனெக்டரை வெட்டிவிட்டு வயர்களை நேராகச் சால்டர் செய்திருந்தால் முன்பு வைத்திருந்தவர் விவரமான ஆள். அங்கேயே இன்னொன்றும் பாருங்கள், பெட்ரோல் ஹோஸ்களின் குயிக் கனெக்டர். பிளாஸ்டிக்கில் வந்தது, வயதானால் வெடிப்பு விட்டுச் சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் பீய்ச்சும். இதை மட்டும் தள்ளிப்போடக் கூடாது, உலோகத்தில் செய்தது மலிவாகவே கிடைக்கிறது. அந்தக் காலத்து அப்ரிலியா காப்போநோர்ட் 1000த்துக்கும் இவை இரண்டும் அப்படியே பொருந்தும்.

எஞ்சின் ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் செய்தது, 998 சிசி, முரட்டு உழைப்பாளி, அதைப் பற்றிக் கவலை வேண்டாம். எனக்குக் கவலை தருவது பாடி பேனல்கள். 2001இல் வந்து சில வருடங்களிலேயே நின்றுபோன மாடல், ஃபேரிங் உடைந்தால் இன்னொன்று கிடைக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். அதனால் ஒரு கீறல்கூட இல்லாததாகப் பார்த்து எடுங்கள். ஜெர்மனியில் இருப்பதால் சைலன்சரையும் கவனியுங்கள். இத்தாலி வண்டி வைத்திருப்பவர்கள் ஒரிஜினலைக் கழற்றிவிட்டு ரேஸ் சைலன்சர் மாட்டுவது வழக்கம். அதற்கு ஒப்புதலைக் காட்டும் ஈ-முத்திரையோ பதிவுத்தாளில் குறிப்போ இல்லையென்றால் டியூஃப் என்ற வாகனத் தகுதிச் சோதனையில் நிறுத்திவிடுவார்கள். ஒரிஜினல் சைலன்சரும் பெட்டியில் இருக்கிறதா என்று கேட்டு அதையும் சேர்த்து வாங்குங்கள்.

கேள்வி: என் உயரம் 5 அடி 2 அங்குலம். பெரிய டூரிங் வண்டியில் உட்கார்ந்தால் கால் எட்டவில்லை, கடைக்காரர் ஸ்கூட்டரைக் காட்டுகிறார். இத்தாலி வண்டிகளில் எனக்கு எதுவும் இல்லையா? (லா ஷப்பேல், பாரிஸ்)

பதில்: இருக்கிறது சகோதரி. மோட்டோ குட்ஸி பிரேவா 750. 2003இல் வந்தது, 744 சிசி, சீட் உயரம் 790 மில்லிமீட்டர், பெட்ரோல், ஆயில் இல்லாமல் சுமார் 182 கிலோ. எண்களைவிட முக்கியம், சீட் முன்பக்கம் ஒடுங்கியிருப்பதால் கால் நேராகக் கீழே இறங்கும். இதிலும் ஷாஃப்ட்தான், செயினுக்கு எண்ணெய் விடும் வேலை இல்லை. 130 கிலோமீட்டர் வேகத்தில் நாள் முழுக்க ஆட்டோரூட் நெடுஞ்சாலையில் போக இது ஏற்றதல்ல, ஆனால் உள்சாலைகளில் பெட்டி மாட்டிக்கொண்டு போனால் எந்த ஊருக்கும் போகலாம். சின்னக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உயரமானது மாட்டியிருந்தால் உத்தமம். கடைக்காரர் சொன்னதை மறந்துவிடுங்கள், உயரம் குறைந்தவர்கள் நீண்ட பயணம் போகவே கூடாது என்பதுபோல் நடத்துகிற கடைகள் இன்னமும் இருப்பது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

கேள்வி: பழைய மல்டிஸ்ட்ராடா 1000 டிஎஸ் வாங்கலாமா? டேங்க் வீங்கும் என்கிறார்கள். (லெஸ்டர்)

பதில்: வீங்கும். 2003இல் வந்த அந்த மாடலின் டேங்க் பிளாஸ்டிக், எத்தனால் கலந்த பெட்ரோலை அது உறிஞ்சி உப்பிக்கொள்கிறது. அமெரிக்காவில் இதற்காக வழக்கே நடந்தது. பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பங்க் பெட்ரோலே ஈ10, அதாவது 10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது, ஆகிவிட்டதால் இன்னும் கவனம் தேவை. ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள், டேங்க்கில் இடிக்கிறதா? டேங்க் போல்ட் துளைகள் நேராக வருகின்றனவா? உள்ளே எப்பாக்ஸி பூச்சு அடித்த டேங்க் என்றால் நிம்மதி. மற்றபடி காற்றால் குளிரும் 992 சிசி எஞ்சின், சிலிண்டருக்கு இரண்டே வால்வ், மலைப்பாதையில் அப்படி ஒரு சுகம். முகம் பலருக்குப் பிடிக்காது, எனக்குப் பிடிக்கும்.

கேள்வி: அமெரிக்காவில் டுகாட்டி எஸ்டி3 நல்ல விலைக்குக் கிடைக்கிறது. கனடாவுக்குக் கொண்டுவர முடியுமா? குளிர்காலம் முழுக்க நிறுத்தித்தான் வைக்க வேண்டும், அது கெடுதலா? (ஸ்கார்பரோ, டொராண்டோ)

பதில்: முடியும். 15 வருடத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்குக் கனடாவின் இறக்குமதிப் பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்கு உண்டு. எஸ்டி3 2004இலிருந்து 2007 வரைதான் வந்தது, ஆகவே எல்லாமே அந்த வயதைத் தாண்டியவை. எல்லையில் அமெரிக்க டைட்டில், அதாவது உரிமைப் பத்திரம், கையில் இருக்க வேண்டும், வரி தனி, மீட்டர் மைலில் காட்டும்.

குளிர்காலத்தில் நிறுத்துவது கெடுதல் இல்லை, கவனிக்காமல் நிறுத்துவதுதான் கெடுதல். டேங்க்கை நிரப்பி, பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் ஊற்றி ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். ஆயிலை வசந்தத்தில் மாற்றாமல் நிறுத்துவதற்கு முன்பே மாற்றுங்கள், பழைய ஆயிலில் உள்ள அமிலம் ஐந்து மாதம் பேரிங்குகளில் ஊறக் கூடாது. பேட்டரிக்குச் சார்ஜ் இறங்காமல் பார்த்துக்கொள்ளும் டெண்டர் சார்ஜர் மாட்டுங்கள். நடுவில் ஆசைக்காக ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடத்தில் அணைக்க வேண்டாம், சைலன்சருக்குள் தண்ணீர் சேரும். பெல்ட்டுக்கு 2 வருடக் கணக்கு நின்ற மாதங்களையும் சேர்த்துத்தான் என்பதை மறக்காதீர்கள். வாங்கும்போது பக்கப் பெட்டிகள் இரண்டும், அவற்றின் சாவி, அடியில் மாட்டும் தாங்கிகள் எல்லாம் வருகின்றனவா என்று பாருங்கள். பெட்டி இல்லாத எஸ்டியை மலிவாக வாங்கிவிட்டுப் பிறகு பெட்டி தேடினால் சேமித்த பணம் அதிலேயே போய்விடும்.

கேள்வி: இங்கே பழைய மல்டிஸ்ட்ராடா 1200 எஸ் ஒன்று வருகிறது, வெளிமாநிலப் பதிவு. அல்லது என் மாமா இங்கிலாந்தில் வைத்திருக்கும் எஸ்டி4ஐ அனுப்பட்டுமா என்கிறார். எது நல்லது? (கோயம்புத்தூர்)

பதில்: மாமாவின் வண்டியை மறந்துவிடுங்கள். வெளிநாட்டில் ஓடிய வண்டியை இந்தியாவுக்கு இறக்குமதி செய்ய வேண்டுமென்றால் அது தயாரித்து 3 வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. எஸ்டி4 அந்த வாசலுக்குள் நுழையவே முடியாது.

மல்டிஸ்ட்ராடா 1200, 2010இல் வந்த நல்ல எஞ்சின், வால்வ் பார்க்கும் இடைவெளி 24,000 கிலோமீட்டர், பிறகு வந்த டிவிடி (DVT) வகை எஞ்சினில் 30,000. எஸ்டி காலத்து 10,000த்தோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். பெட்ரோல் அளவு காட்டும் சென்சார் அடிக்கடி போகும், அது தொந்தரவுதானே தவிர ஆபத்து இல்லை. எஸ் என்றால் எலக்ட்ரானிக் சஸ்பென்ஷன், மீட்டரில் மோடு மாற்றும்போது பின் ஷாக்கின் மோட்டார் உறுமுவது காதில் விழ வேண்டும், ஆயில் கசிவு இருக்கக் கூடாது. அந்த ஒரு பாகத்தின் விலையைக் கேட்டுவிட்டு வண்டி வேண்டாம் என்றவர்கள் உண்டு. வாங்குமுன் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோய்க் கம்ப்யூட்டர் மாட்டி எரர் கோடுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். விற்பவர் அதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளலாம்.

பேப்பர் பக்கம் இன்னும் கவனம் தேவை. வெளிமாநில வண்டிக்குப் படிவம் 28இல் தடையில்லாச் சான்று, பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30, கடன் இருந்தால் வங்கியின் கையெழுத்தோடு படிவம் 35. தமிழ்நாட்டில் மறுபதிவு செய்யும்போது இங்கே சாலை வரி கட்ட வேண்டும், இந்த விலை வண்டிக்கு அது சின்னத் தொகை இல்லை, அதையும் சேர்த்துத்தான் வண்டியின் விலை. வரி குறைவு என்பதற்காகவே பாண்டிச்சேரி முகவரி காட்டிப் பதிவு செய்த விலையுயர்ந்த வண்டிகள் நிறைய உலவுகின்றன. அப்படிப்பட்ட வண்டி என்றால் அந்த முகவரியில் நிஜமாகவே ஆள் இருந்தாரா என்று பாருங்கள், பிறகு வழக்கு வந்தால் வண்டி உங்கள் வாசலில்தான் நிற்கும்.

கேள்வி: இவ்வளவு பார்க்க வேண்டும் என்றால் ஜப்பான் வண்டியே வாங்கிவிடலாமே? (சூரிக்)

பதில்: தாராளமாக வாங்கலாம். சாவியைப் போட்டால் ஓட வேண்டும், மற்றதைப் பற்றி யோசிக்க விருப்பமில்லை என்பவருக்கு நான் எப்போதும் ஜப்பான் வண்டியைத்தான் சொல்வேன், அதில் ஒரு குறைவும் இல்லை.

ஆனால் குட்ஸியை நிறுத்திவைத்து ஆக்சிலரேட்டரை ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். கிராங்க் நீளவாக்கில் சுற்றுவதால் வண்டி மொத்தமும் ஒரு பக்கமாக லேசாகச் சாய்ந்து திரும்பும். கோட்ஹார்ட் கணவாயின் பழைய டிரெமோலா பாதையில், கல் பதித்த அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில், மூன்றாவது கியரை மாற்றாமலே அடியிலிருந்து மெதுவாக இழுத்துக்கொண்டு ஏறுகிற சுகத்துக்காகத்தான் நாங்கள் பெல்ட், டாப்பெட் கணக்கெல்லாம் பார்க்கிறோம். இரண்டு கைகளிலும் கிரீஸ் ஆக்கிக்கொண்டு நீங்களே சரிசெய்த வண்டி அந்த மேட்டில் ஏறும்போது வருகிற சந்தோஷம் தனி. அது உங்களுக்கு வேண்டுமா, வேண்டாமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். சூரிக்கிலிருந்து அந்த மலை ரொம்ப தூரமும் இல்லை, யாராவது குட்ஸி வைத்திருந்தால் ஒரு ஞாயிறு கேட்டு வாங்கி ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: எம்வி அகுஸ்டா டுரிஸ்மோ வெலோசே பழையது எடுக்கலாமா? (சிங்கப்பூர்)

பதில்: பார்க்க இவற்றிலெல்லாம் அழகானது, ஓட்டவும் அருமை. 798 சிசி, மூன்று சிலிண்டர். உதிரிபாகம் உங்கள் ஊரில் எத்தனை நாளில் வரும் என்று அதை வைத்திருக்கும் இரண்டு பேரிடம் கேளுங்கள், கடையில் கேட்க வேண்டாம். அவர்கள் பதில் திருப்தியாக இருந்தால் எடுங்கள்.

கேள்வி: 2004 எஸ்டி4எஸ் பேசி முடித்துவிட்டேன். கறுப்புச் சாவி ஒன்றுதான் இருக்கிறதாம், மற்றது தொலைந்துவிட்டதாம். பெரிய விஷயமா? (மிசிசாகா)

பதில்: பெரிய விஷயம்தான், முன்பணம் கொடுக்காமல் இருந்தால் இன்னும் பேசலாம். அந்த வருடத்து டுகாட்டியோடு ஒரு சிவப்புச் சாவி, இரண்டு கறுப்புச் சாவி, எண் எழுதிய ஒரு கோட் கார்டு வரும். கறுப்புதான் தினமும் ஓட்டுவதற்கு. புதுச் சாவிக்கு வண்டியைப் பழக்க வேண்டுமென்றால் சிவப்பு வேண்டும். இம்மொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்புக் கருவி மக்கர் செய்து வண்டி வழியில் நின்றுவிட்டால், கார்டில் உள்ள எண்ணை ஆக்சிலரேட்டரை முறுக்கி விட்டு விட்டுப் பதிந்து ஸ்டார்ட் செய்யலாம், அதற்குக் கார்டு வேண்டும். இரண்டும் இல்லாமல் இருக்கிற ஒரே கறுப்புச் சாவியும் தொலைந்தால் பூட்டு, கன்ட்ரோல் யூனிட் எல்லாம் சேர்த்து மாற்றுகிற செலவில் போய் முடியலாம். விற்பவரிடம் வீட்டு அலமாரியெல்லாம் ஒருமுறை தேடச் சொல்லுங்கள். பல பேர் சிவப்புச் சாவி எதற்கென்றே தெரியாமல் கையேட்டு உறைக்குள் போட்டு வைத்திருப்பார்கள், சீட்டுக்கு அடியிலும் பார்க்கச் சொல்லுங்கள். கிடைக்கவில்லை என்றால் டீலரிடம் அந்த மாற்று வேலைக்கு எவ்வளவு ஆகும் என்று எழுத்தில் வாங்கி, அந்தத் தொகையை விலையில் கழித்துக் கேளுங்கள்.